இடுப்பெலும்பு எடுத்த இடத்து நோவுக்கு விறைப்பு மருந்து: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

சுன்னாகத்து அக்கா

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 28 வயது. பத்து மாதத்துக்கு முதல் பலாலி வீதியில் மோட்டார் சைக்கிளால் விழுந்து வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி போட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிளினிக்கிலும் படம் எடுத்தோம். ஒவ்வொரு படத்திலும் அதே கறுப்புக் கோடு. இனி இடுப்பெலும்பில் இருந்து கொஞ்சம் எடுத்து அந்த இடைவெளியில் வைத்தால்தான் ஒட்டும் என்று வைத்திய நிபுணர் சொல்லிவிட்டார். இரண்டு கிழமையில் திகதி.

தம்பி சத்திரசிகிச்சைக்குப் பயப்படவில்லை. நான்தான் பயந்துபோய் இருக்கிறேன். முந்தநாள் சந்தையில் எங்கள் ஒழுங்கை மாமாவைக் கண்டேன். அவருக்கும் இதே வேலை சில வருடங்களுக்கு முதல் நடந்தது. "பிள்ளை, காலைப் பற்றி யோசிக்காதே. இடுப்புத்தான் என்னை மூன்று இரவு நித்திரை கொள்ள விடவில்லை" என்றார். அதைக் கேட்டதில் இருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

எலும்பு எடுக்கிற இடத்தில் விறைப்பு மருந்து போட்டுவிட்டால் நோ குறையும் என்று தெரிந்த தாதி ஒருவர் சொன்னார். அது எவ்வளவு நேரம் நிற்கும்? எலும்பு ஒட்டுவதைத் தடுக்குமா? அவர்களாகவே போடுவார்களா, நாங்கள் கேட்க வேண்டுமா?

---

கோண்டாவில் தச்சன்

தங்கச்சி, உங்கள் மாமா சொன்னது உண்மை.

எனக்கு முறிந்தது கை. முன்னங்கை எலும்பு ஒட்டாமல் போய், இடுப்பில் இருந்து எடுத்து வைத்துத் தகடு பூட்டினார்கள். கைக்குச் சத்திரசிகிச்சை செய்த மனிதன் நடக்க முடியாமல் கிடந்தேன். பார்க்க வந்த ஆட்கள் கையைப் பார்த்து "நோகுதா?" என்று கேட்பார்கள். கை ஒன்றும் செய்யவில்லை. நோ முழுக்க இடுப்பில்.

அசையாமல் படுத்திருந்தால் ஒரு உளைவு, அவ்வளவுதான். இருமினால், சிரித்தால், கட்டிலில் புரண்டால் கத்தியால் குத்தினது மாதிரி. முதல் நாள் பின்னேரம் எனக்குத் தும்மல் வந்தது. வரப்போகிறது என்று தெரிந்ததும் மூக்கைப் பிடித்தேன், வாயைப் பொத்தினேன், கண்ணை இறுக்கினேன். கடைசியில் அது வந்தேவிட்டது. கண்ணீர் ஓடியது. பக்கத்துக் கட்டில் ஐயா எழும்பி வந்து தன் தலையணையை இரண்டாக மடித்து என் இடுப்பில் வைத்து, "இனி இருமல் வந்தால் இதை இறுக்கி அமத்திக்கொண்டு இரும், தம்பி" என்றார். அந்தத் தலையணை எனக்கு அரைவாசி மருந்து.

விறைப்பு மருந்து போடவில்லையா என்று பிறகு கேட்டேன். இல்லை என்றார்கள். தாங்க முடியவில்லை என்றதற்கு "எலும்பு எடுத்தால் நோகத்தானே செய்யும்" என்று பதில் வந்தது. எந்த இடம் என்று எழுத மாட்டேன், அங்கே எனக்கு நல்லதும் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பதில் இன்னும் மனதில் கிடக்கிறது. நீங்கள் முதலே கேளுங்கள்.

---

துயில் மருத்துவர்

நான் மயக்க மருந்துப் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் தம்பியைப் பார்க்காமல் அவருக்கென்று மருந்து சொல்வது சரியில்லை. பொதுவான விளக்கம் தருகிறேன், அதை வைத்து நீங்கள் அங்கே கதைக்கலாம்.

இடுப்பின் பக்கத்தில் கையை வைத்தால் வயல் வரம்பு மாதிரி ஒரு விளிம்பு தட்டுப்படும். ஆண்கள் சாரம் செருகுகிற இடம். அந்த விளிம்பில் இருந்துதான் எலும்பு எடுப்பார்கள். எலும்பின் உள்ளே இருக்கிற பஞ்சு போன்ற பகுதியை விட, அதன் மேலே போர்த்தியிருக்கிற மெல்லிய சவ்வில்தான் நோ நரம்புகள் கனக்க. எலும்பு எடுக்க அந்தச் சவ்வைக் கீறி உரிக்க வேண்டும். அதோடு, அந்த விளிம்பில் மேலிருந்து வயிற்றுத் தசைகளும் வெளிப்பக்கத்தில் பிட்டத் தசைகளும் பிடித்திருக்கின்றன. இருமும்போது வயிற்றுத் தசை இழுக்கும், அடி எடுத்து வைக்கும்போது பிட்டத் தசை இழுக்கும். தச்சன் அண்ணைக்குத் தும்மலில் உயிர் போனது அதனால்தான். எடுத்த எலும்பை வைத்த இடத்தில் பெரும்பாலும் தகடோ கம்பியோ எலும்பை அசையாமல் பிடித்திருக்கும். இடுப்பை அப்படி யாரும் கட்டிவைப்பதில்லை.

இனி மருந்து. நரம்பு ஒரு செய்தியை அனுப்ப வேண்டுமென்றால் அதன் சுவரில் உள்ள நுண்ணிய வாசல்கள் திறந்து சோடியம் உள்ளே பாய வேண்டும். விறைப்பு மருந்து நரம்புக்குள் புகுந்து அந்த வாசலை உட்பக்கமாக அடைக்கிறது. அடி விழுந்தாலும் செய்தி மூளைக்குப் போகாது. மருந்தை இரத்தம் மெல்ல மெல்லக் கழுவிக்கொண்டு போனதும் வாசல் திரும்பத் திறக்கும்.

பல் பிடுங்கும்போது போடுகிற லிக்னோகெயின் எல்லோருக்கும் தெரியும். சுவீடனில் லொஃப்கிரென், லுண்ட்குவிஸ்ட் என்ற இருவர் 1943இல் உருவாக்கியது. அது ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் போய்விடும். இடுப்புக்கு நாங்கள் அதிகம் பாவிப்பது பியூபிவகெயின். அதுவும் சுவீடனில்தான், 1957இல். காயத்தைச் சுற்றிப் போட்டால் ஏறக்குறைய 4 முதல் 8 மணித்தியாலம் நிற்கும்.

போடுகிற விதம் பல. எலும்பு எடுத்து முடிந்ததும், தைப்பதற்கு முன் சவ்விலும் தசையிலும் ஊசியால் சுற்றிவரப் போடுவது மிக எளிது. இரத்தம் நிற்பதற்காக அந்தக் குழியில் ஜெலட்டின் பஞ்சு வைப்பார்கள், அதை மருந்தில் நனைத்து வைப்பதும் உண்டு. மெல்லிய குழாய் ஒன்றைக் காயத்தில் விட்டு ஒன்றிரண்டு நாள் மருந்து கொடுக்கலாம். ஸ்கானில் பார்த்து வயிற்றுச் சுவர்த் தசைப் படைகளுக்கு நடுவே ஊசி போடுகிற முறையும் இருக்கிறது. எது கிடைக்கும் என்பது அந்தந்த இடத்து வசதியையும் அங்கே உள்ளவர்களின் பழக்கத்தையும் பொறுத்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆய்வுகளில் சில, முதல் ஒன்றிரண்டு நாள் நோவும் மோர்பின் தேவையும் குறைந்ததைக் காட்டின. சிலவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. மாதக்கணக்கில் நீடிக்கிற நோவை இது தடுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் பின்னேரத்தையும் முதல் இரவையும் கடக்க உதவுகிற, செலவு குறைந்த, இரண்டு நிமிட வேலை இது. என் சொந்தத் தம்பி என்றால் கேட்டுப் போடுவிப்பேன்.

---

சுன்னாகத்து அக்கா

டொக்டர், கோடி நன்றி. இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. முதுகில் ஊசி போட்டுத்தான் செய்வோம் என்றார்கள். அப்படியென்றால் இடுப்பும் விறைத்துத்தானே இருக்கும்? பிறகு ஏன் தனியாக ஒன்று?

---

துயில் மருத்துவர்

நல்ல கேள்வி. முதுகில் போடுகிற ஊசி சத்திரசிகிச்சை நேரத்துக்குப் போதும். ஆனால் அது இறங்குகிற ஒழுங்கைக் கவனியுங்கள். மேலே இருந்து கீழே இறங்கும். முதலில் வயிறு, பிறகு இடுப்பு, கடைசியாகப் பாதம். அதாவது கால் விரலை அசைக்க முடியாமல் இருக்கும்போதே இடுப்பில் உணர்ச்சி வந்துவிடும். "கால் இன்னும் விறைப்பாக இருக்கிறது, ஆனால் இடுப்பு நோகிறது" என்று ஆட்கள் சொல்வது இதனால். இடுப்புக் காயத்தில் தனியாகப் போட்ட மருந்து அந்த நேரத்தில்தான் கைகொடுக்கும்.

---

வல்வெட்டித்துறை அண்ணை

எல்லோரும் நோவைக் குறைக்கிறதைப் பற்றியே கதைக்கிறீர்கள். எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது.

என் மருமகனுக்கும் முழங்காலுக்குக் கீழேதான் முறிவு. அன்றிரவே கெண்டைக்கால் கல்லு மாதிரி இறுகி, உள்ளே அழுத்தம் கூடி, இரத்த ஓட்டம் நிற்கிற நிலை. நடுச்சாமத்தில் தியேட்டருக்குக் கொண்டுபோய் நீளமாகக் கீறிவிட்டார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? அவன் கத்தின கத்தல். கொடுத்த மருந்து எதற்கும் அடங்காத நோ. விறைக்கப் போட்டிருந்தால் பேசாமல் கிடந்திருப்பான், விடியக் காலை எழும்பும்போது கால் போயிருக்கும். நோ என்பது உடம்பு போடுகிற சத்தம். அதன் வாயைப் பொத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

---

துயில் மருத்துவர்

அண்ணை, நீங்கள் சொன்னது எங்கள் துறையிலேயே இன்றும் விவாதிக்கிற விஷயம். கீழ்க்கால் முறிவில் காலுக்குப் போகிற நரம்பை முழுக்க, நீண்ட நேரம் விறைக்க வைப்பதற்கு எலும்பு முறிவு நிபுணர்கள் பலர் தயங்குவார்கள். உங்கள் மருமகனுக்கு வந்த அதே ஆபத்துத்தான் காரணம். புதிதாக முறிந்த காலில் அந்தப் பயம் இன்னும் கூட.

ஆனால் இங்கே விறைக்க வைப்பது காலை இல்லை. இடுப்பு விளிம்பில் போடுகிற மருந்து இடுப்பைச் சுற்றித்தான் நிற்கும். முதுகு ஊசி இறங்கியதும் கெண்டைக்கால் தன் நோவைத் தானே சொல்லும். சொல்லப்போனால் இது உங்கள் பக்கத்துக்கே உதவி. இடுப்பும் காலும் ஒன்றாக நோகிறபோது பெடியன் "எல்லா இடமும் நோகுது" என்பான், பெரிய அளவில் மோர்பின் கொடுத்து உறங்கவைப்போம். இடுப்பு அமைதியாக இருந்தால் காலில் புதிதாக வருகிற நோ தனியாகத் தெரியும்.

காவலுக்கு நிற்பவர்கள் இதைக் கவனியுங்கள்: கெண்டைக்கால் இறுகி வருவது, கால் விரலை மேலே வளைத்துவிட்டால் துடிப்பது, குளிசைக்கும் ஊசிக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகிற நோ. இதில் ஒன்று கண்டாலும் எத்தனை மணியானாலும் தாதியை எழுப்புங்கள்.

---

வல்வெட்டித்துறை அண்ணை

இடுப்பு வேறு கால் வேறு என்று நான் யோசிக்கவில்லை. சரி, அந்த அளவில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலுக்கு விறைப்பு வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை.

---

நல்லூர் அம்மா

என் மகனின் கதையையும் எழுதுகிறேன், யாருக்காவது உதவும். அவன் பிறக்கும்போதே மேலுதடும் முரசும் பிளந்திருந்தது. ஒன்பது வயதில், கோரைப்பல் இறங்குவதற்கு முதல், இடுப்பில் இருந்து எலும்பு எடுத்து அந்த முரசுப் பிளவில் நிரப்பினார்கள். எலும்பு இருந்தால்தான் பல் அதற்குள்ளால் இறங்கும் என்று விளங்கப்படுத்தினார்கள்.

வாயில் தையல், அவனால் நோகிறது என்று வடிவாகச் சொல்லவும் முடியாது. இதை நினைத்துத்தான் நான் முதல்நாள் முழுக்க அழுதேன். மயக்க மருந்து டொக்டர் அவனை நிறுத்துப் பார்த்தார். "25 கிலோ. இடுப்பில் விறைப்பு மருந்து போடுவேன், நிறைக்கு அளந்துதான் போடுவேன்" என்றார். அன்று பின்னேரம் அவன் கண் முழித்து முதலில் தொட்டது வாயை. இடுப்பில் கட்டு இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை. அடுத்தநாள் காலை கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் சரிந்து சரிந்து, மலசலகூடம் வரைக்கும் நடந்தான்.

டொக்டர், நிறைக்கு அளப்பது எதற்காக? கூடப் போட்டால் என்ன ஆகும்? அன்றைக்குக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

---

துயில் மருத்துவர்

அம்மா, பியூபிவகெயினுக்கு நாங்கள் மனதில் வைத்திருக்கிற எல்லை நிறையில் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம். உங்கள் மகனுக்கு 25 கிலோ என்றால் 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. 0.25 வீத மருந்தில் ஒரு மில்லிலீற்றருக்குள் 2.5 மில்லிகிராம் இருக்கும். ஆகவே 20 மில்லிலீற்றர் உச்சம். அதே மருந்து 0.5 வீதம் என்றால் பாதிதான், 10 மில்லிலீற்றர். போத்தலை மாற்றி எடுத்தால் அளவு இரட்டிக்கும் என்பதால்தான் இருவர் பார்த்து, வாய்விட்டு வாசித்து எடுப்போம்.

அளவு கூடினாலோ, தவறி இரத்தக் குழாய்க்குள் போனாலோ, விழித்திருக்கிறவருக்கு வாயைச் சுற்றிக் கூசும், நாக்கில் இரும்புச் சுவை தட்டும், காது இரையும். முற்றினால் வலிப்பு வரும், இதயமும் நின்றுபோகலாம். அரிது, ஆனால் விளையாட்டில்லை. அதனால் ஊசியை இழுத்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போடுவோம். அப்படி நடந்தால் அதை முறிக்க 20 வீதக் கொழுப்புத் திரவம் ஒன்றை நாளத்தால் ஏற்றுவார்கள். அது மருந்தை இதயத்தில் இருந்து இழுத்து எடுத்துவிடும்.

வாட்டுக்கு வந்த பிறகு யாராவது "வாயெல்லாம் கூசுது, காது இரையுது" என்றால் களைப்பு என்று விட்டுவிடாமல் உடனே சொல்லுங்கள்.

---

இலண்டன் மருமகள்

என் மாமிக்கு இங்கே முதுகெலும்பில் இரண்டு துண்டை ஒன்றாக்கும்போது இடுப்பில் இருந்து எடுத்தார்கள். காயத்தில் மெல்லிய குழாய் ஒன்று விட்டு, அதன் மறுமுனையில் தோடம்பழ அளவில் ஒரு பந்து. மின்சாரம் ஒன்றும் இல்லை. ரப்பர் பந்து தானே சுருங்கிச் சுருங்கி மருந்தைத் தள்ளும். மாமி அதைச் சின்னத் துணிப்பையில் போட்டுத் தோளில் கொழுவிக்கொண்டு திரிந்தார். காலையும் மாலையும் எடுத்துப் பார்த்து "வத்திக்கொண்டு வருகுது" என்பார். இரண்டாம் நாள் குழாயை உருவினார்கள். அதற்குப் பிறகுதான் இடுப்பு நொந்தது, ஆனால் குளிசைக்கு அடங்குகிற நோ.

---

வாட்டுத் தாதி (ஓய்வு)

முப்பது வருடம் சத்திரசிகிச்சை வாட்டில் நின்றவள் நான். மருந்தைப் பற்றி டொக்டர் சொல்லிவிட்டார். நான் மருந்து விடுகிற நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். அங்கேதான் எல்லோரும் விழுந்துபோகிறார்கள்.

விறைப்பு இருக்கிற மட்டும் நோயாளி ராசா மாதிரி இருப்பார். பின்னேரக் குளிசையைக் கொண்டுபோனால் "எனக்கு ஒரு நோவும் இல்லை மிசி, வேண்டாம்" என்பார். வந்திருக்கிற சொந்தக்காரரும் "பாவம், ஏன் சும்மா குளிசை" என்பார்கள். இரவு எட்டு ஒன்பது மணிக்கு விறைப்பு விடும். விடுகிறபோது கொஞ்சம் கொஞ்சமாக விடும் என்று நினைக்காதீர்கள், சிலருக்கு அணை உடைந்தது மாதிரி வரும். அந்த நேரம் குளிசை கொடுத்தால் அது வேலை செய்ய முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலம்தான் நரகம். நோ இல்லாதபோதே குளிசையைப் போட வேண்டும். விறைப்பு விடும்போது அது உடம்பில் நிற்க வேண்டும்.

பனடோல் என்றால் வளர்ந்தவருக்கு ஒருமுறைக்கு இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால், ஒரு நாளில் 8 குளிசைக்கு மேல் கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்கள், மெலிந்தவர்கள் அதைவிடக் குறைவாக, கேட்டுத்தான் எடுக்க வேண்டும். தடிமன் குளிசைக்குள்ளும் அதே மருந்து இருக்கும், அதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. "நோகுதா?" என்று கேட்டால் எங்கள் ஆட்கள் "பரவாயில்லை" என்பார்கள். அந்தச் சொல்லை வைத்து நான் என்ன செய்வது? பூச்சியத்தில் இருந்து பத்துக்குள் எத்தனை என்று சொல்லுங்கள். படுத்திருக்கும்போது எத்தனை, இருமும்போது எத்தனை என்று இரண்டாகச் சொல்லுங்கள். இரண்டாவது இலக்கம்தான் எனக்கு வேண்டியது. இருமப் பயந்தால் சளி நெஞ்சில் கட்டும், நடக்கப் பயந்தால் காலில் இரத்தம் கட்டும். நோவைப் பொறுத்ததற்காக ஒருவரும் வேகமாகச் சுகமாகிப் போனதை நான் காணவில்லை.

---

கோண்டாவில் தச்சன்

மிசி, அந்த "பரவாயில்லை" நான் சொன்னதுதான். எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

டொக்டரிடம் ஒன்று: நோவுக்குக் கொடுக்கிற டைக்லோஃபெனாக் மாதிரிக் குளிசை எலும்பு ஒட்டுவதைத் தாமதமாக்கும் என்கிறார்கள். விறைப்பு மருந்தும் அப்படிச் செய்யுமா?

---

துயில் மருத்துவர்

டைக்லோஃபெனாக் குடும்பத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு இன்னும் இருக்கிறது. சில நாள் எடுப்பதால் பெரிய பாதகம் இல்லை என்பவர்களும் உண்டு, ஒருமுறை ஒட்டாமல் போன எலும்புக்கு அறவே வேண்டாம் என்பவர்களும் உண்டு. எலும்பு நிபுணர் என்ன சொல்கிறாரோ அதைப் பின்பற்றுங்கள். இந்தச் சந்தேகமே விறைப்பு மருந்துக்கு இன்னொரு நியாயம், அந்தக் குளிசையின் தேவையைக் குறைக்கலாம்.

விறைப்பு மருந்து போடுவது எலும்பு எடுத்த குழியில். எடுத்த எலும்பு அதற்கு முதலே காலுக்குப் போய்விடும், அதன் மேல் மருந்து படப்போவதில்லை. மூட்டுக்குள் நாள்கணக்கில் இதே மருந்தை விட்டுக்கொண்டிருந்தபோது குருத்தெலும்பு கரைந்துபோன சம்பவங்கள் இருந்தன. 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு எச்சரிக்கை விட்டது. அது மூட்டு, பெரும்பாலும் தோள்மூட்டு. இடுப்பு விளிம்பு மூட்டு இல்லை.

ஒட்டாமல் தடுக்கிறது எது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது சிகரெட். பிறகு கட்டுப்பாடில்லாத சீனி வருத்தம்.

---

கைதடி ஆசிரியை

யாரும் சொல்லாத ஒன்று. எனக்கு இடுப்பின் முன்பக்கத்தில் இருந்து எடுத்தார்கள். நோ இரண்டு கிழமையில் போய்விட்டது. ஆனால் தொடையின் வெளிப்பக்கத்தில், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, தோல் மரத்துப்போனது. சேலை படும்போது ஏதோ கடதாசி படுகிறது மாதிரி. சில நேரம் எரியும். விறைப்பு மருந்துதான் இன்னும் விடவில்லை என்று பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளினிக்கில் கேட்டபோது, அது மருந்து இல்லை, தொடைத் தோலுக்குப் போகிற நரம்பு ஒன்று அந்த இடத்துக்குக் கிட்டவாக ஓடுகிறது, இழுபட்டிருக்கும் என்றார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு மரப்பு ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குச் சுருங்கிவிட்டது.

பெண்களுக்கு ஒரு விஷயம்: பாவாடை நாடா சரியாகத் தையலின் மேலேதான் வரும். நான் ஒரு மாதம் மேலிருந்து கீழ்வரை தொங்குகிற சட்டையோடுதான் இருந்தேன். தம்பிமாருக்குப் பெல்ட்டும் சாரக் கட்டும் அப்படித்தான்.

---

துயில் மருத்துவர்

ரீச்சர் சொன்னது சரி. முன்பக்க முனையில் இருந்து குறைந்தது இரண்டு மூன்று சென்ரிமீற்றர் பின்னால் தள்ளிக் கீறுவது இந்த நரம்பைக் காக்கத்தான். ஆனால் சிலருக்கு நரம்பு வழமையான பாதையில் ஓடுவதில்லை. விறைப்பு மருந்தின் மரப்பு ஒரு நாளுக்குள் போய்விடும். அதற்கு மேல் நின்றால் கிளினிக்கில் காட்டுங்கள்.

---

மானிப்பாய் வாசகர்

ஊர்க்காரன் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் இங்கே வந்து, மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்து, சத்திரசிகிச்சை நூலையும் தமிழாக்கினார். அவர் மறைந்தது 1884இல். அதே 1884இல்தான் வியன்னாவில் கார்ல் கொல்லர் கண்ணில் கொக்கெயின் துளி விட்டு, ஆளை மயக்காமலே அந்த இடத்தை மட்டும் விறைக்க வைத்தார். கிறீன் இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருந்தால் இந்த முறைக்கும் அப்போதே தமிழில் சொற்கள் கிடைத்திருக்கும். இன்று நாங்கள் இங்கே அதைத் தமிழில் கதைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

---

அச்சுவேலிப் பெடியன்

இடுப்புக் காயத்துக்கு முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கிப் பூசலாமா? அம்மா கேட்கச் சொன்னா.

---

வாட்டுத் தாதி (ஓய்வு)

தையல் இருக்கும்வரை அந்த இடத்தில் ஒன்றும் பூச வேண்டாம், ராசா. காயத்துக்குள் கிருமி போனால் வைத்த எலும்புக்கும் ஆபத்து. அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

---

சுன்னாகத்து அக்கா

எல்லோருக்கும் நன்றி சொல்ல வந்தேன். செவ்வாய்க்கிழமை நடந்து முடிந்தது.

முதல்நாள் பின்னேரம் மயக்க மருந்து டொக்டர் கட்டிலுக்கு வந்தார். நான் கொப்பித் தாளில் எழுதி வைத்திருந்தேன்: நிறை 61 கிலோ, முதல் சத்திரசிகிச்சையில் முதுகு ஊசி, மருந்து ஒவ்வாமை இல்லை, சிகரெட் விட்டு ஐந்து மாதம். கடைசி வரியில் "இடுப்பில் விறைப்பு மருந்து போடலாமா?" கை நடுங்கியது. அவர் தாளை வாங்கி வாசித்துவிட்டு, "போடலாம், தைக்க முதல் போடச் சொல்லி எழுதிவிடுகிறேன்" என்று அங்கேயே குறிப்பில் எழுதினார். கேட்டதற்கு யாரும் கோபிக்கவில்லை.

தம்பி 12 மணிக்கு வெளியே வந்தான். இரண்டு மணியளவில், டொக்டர் சொன்னபடியே, பெருவிரல் அசையவில்லை, ஆனால் வயிற்றைக் கிள்ளினால் தெரிந்தது. இடுப்புக் கட்டைச் சுற்றித் தொட்டுப் பார்த்து "அக்கா, இந்த இடம் மட்டும் வேறு யாருடையதோ மாதிரி இருக்கு" என்றான். ஐந்து மணிக்குக் குளிசை வந்தது. அவன் "நோ இல்லையே" என்று வாயைத் திறந்தான். நான் தண்ணீர்ப் போத்தலைக் கையில் கொடுத்துவிட்டேன்.

ஏழரைக்கு விறைப்பு விட்டது. படுத்திருக்கும்போது 2, இருமினால் 5. கால்தான் கொஞ்சம் கூட நொந்தது, கெண்டைக்காலை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் தொட்டுப் பார்த்தேன், மெத்தென்றுதான் இருந்தது. வல்வெட்டித்துறை அண்ணை, உங்களை நினைத்துத்தான் தொட்டேன்.

இரண்டாம் இரவில் ஒரு பிழை விட்டோம். அவன் நல்ல நித்திரை என்று இரவு 11 மணிக் குளிசைக்கு எழுப்பவில்லை. விடிய நான்கு மணிக்கு 7 என்று சொல்லிக்கொண்டு எழும்பினான். தலையணையை மடித்து அமத்திப் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தோம். அதற்குப் பிறகு கைத்தொலைபேசியில் மணி வைத்து எழுப்பினேன்.

மூன்றாம் நாள் ஊன்றுகோலோடு வாட்டின் முனை வரைக்கும் போய் வந்தான். எங்கள் ஒழுங்கை மாமா பார்க்க வந்தபோது கட்டில் ஓரத்தில் இருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மாமா முதலில் கேட்டது "இடுப்பு?" என்றுதான். "நோகுது மாமா. இருமினால்தான்" என்றான். மாமா கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு, எங்கே ஊசி போட்டார்கள், எந்த மருந்து, எத்தனை மணித்தியாலம் நின்றது என்று அரை மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தார்.

தையல் வெட்ட அடுத்த கிழமை. ஆறு கிழமையில் படம். அந்தக் கறுப்புக் கோடு மங்கியதா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.